கண்ணாடி ஆறும் நேரம்

செப்டம்பர் 4

அன்புள்ள டாக்டருக்கு,

இதற்கு முன் எழுதிய இரண்டு கடிதங்களைக் கிழித்துவிட்டேன். ஒன்றில் கோபம் அதிகமாக இருந்தது. மற்றொன்றில் கோபமே இல்லாததுபோல் நடித்திருந்தேன். இதையாவது அனுப்ப வேண்டும் என்று உங்கள் அண்ணி உறையில் தபால்தலையை ஒட்டி முன்னாலேயே வைத்துவிட்டாள்.

போனில் பேசலாம்தான். ஆனால் போன மாதம் நாம் பேசிய பேச்சுக்கு எதிர்வீட்டுக்காரர் செருப்புக்கூடப் போடாமல் ஓடி வந்து, "சார், வீட்ல யாருக்காச்சும் எதாச்சும் ஆயிடுச்சா?" என்று கேட்டார். என் காதுக் கருவி வேறு போனை வைத்தால் விசிலடிக்கிறது. இனி இந்தச் சகலைகள் இருவருக்கும் கடிதம்தான் என்று அக்காளும் தங்கையும் சேர்ந்து தீர்ப்பு எழுதிவிட்டார்கள். எனக்கு இது வசதிதான். எழுதும்போது என்னை யாரும் குறுக்கிடுவதில்லை.

வீடு மாற்றும் லாரியில் நம் தொலைநோக்கியின் குழாய், தாங்கி, கண்வில்லை எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டீர்கள். "கண்ணாடியை முடிச்சு எடுத்துட்டு வாங்க, அப்பத்தான் இதெல்லாம் கண்ணுல காட்டுவேன்" என்று தெருவே கேட்கச் சொன்னீர்கள். நம் எட்டங்குலக் கண்ணாடி மட்டும் இங்கே பின்னறையில், பீப்பாயின் மேல், துண்டு போர்த்திக்கொண்டு கிடக்கிறது. அது இல்லாமல் உங்களிடம் இருப்பது வெறும் கழிவுநீர்க் குழாய். குழாய் இல்லாமல் என்னிடம் இருப்பதும் கனமான ஒரு தட்டுதான்.

நீங்கள் அன்று சொன்ன வேறொன்றும் மனத்தில் கிடக்கிறது. "ஒவ்வொரு தடவையும் இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்ங்கிறீங்க. அந்தக் கொஞ்சம் எல்லாம் என் கண்ணுல இருந்து போகுது அண்ணே." வலக்கண்ணின் நடுப்பார்வை போய்விட்டது, இடக்கண்ணுக்கு ஆண்டு முடிவுவரை உத்தரவாதம் இல்லை என்று கண் மருத்துவர் சொன்னது எனக்கும் தெரியும். நம் கையால் தேய்த்த கண்ணாடியில் சனியின் வளையத்தை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்பதற்குத்தான் நீங்கள் இந்த வேலையில் இறங்கினீர்கள் என்பதும் தெரியும். மறந்துவிட்டு நான் தாமதிக்கவில்லை. வளைவு இன்னும் சரியாகவில்லை. சரியாகாததைச் சரி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நீங்கள் போனபின் என் புத்தகத்துக்கு ஒரு பக்கம் எழுதினேன். எதிரொளிப்புத் தொலைநோக்கியின் தொடக்க வரலாறு முழுவதும் ஒரே கேள்விதானோ என்று தோன்றுகிறது: பார்க்கிறவன் தலையை எங்கே வைத்துக்கொள்வது? வில்லை வைத்த கருவியில் இந்தத் தொல்லை இல்லை. ஒளி முன்பக்கம் நுழைகிறது, தலை பின்பக்கம் இருக்கிறது. ஆனால் வில்லை எதைக் காட்டினாலும் அதற்கு ஒரு வண்ணக் கரை கட்டிவிடுகிறது. குழிக் கண்ணாடி வண்ணத்தைப் பிரிப்பதில்லை. ஆனால் ஒளியை வந்த வழியே திருப்பி அனுப்புகிறது. பிம்பத்தைப் பார்க்க எட்டிப் பார்த்தால் நம் தலையே வானத்தை மறைத்துக்கொள்கிறது. பெரிய கண்ணாடியின் நடுவில் துளையிட்டு, எதிரில் ஒரு சிறு குழிக் கண்ணாடியை நிறுத்தலாம் என்று கிரிகரி வரைந்தார். காஸ்கிரேன் அந்தச் சிறு கண்ணாடியைப் புடைத்ததாக மாற்றினார். நியூட்டன் துளையே போடவில்லை. சிறிய சமதளக் கண்ணாடி ஒன்றைச் சாய்த்து வைத்து, பிம்பத்தைக் குழாயின் பக்கவாட்டுக்குத் திருப்பிவிட்டார்.

இதைப் படித்ததும் என்ன சொல்வீர்கள் என்று தெரியும். இருந்தாலும் அனுப்புகிறேன்.

உங்கள்
மூத்த சகலை


செப்டம்பர் 15

அண்ணனுக்கு,

எழுத்து பெரிதாக இருக்கிறதே என்று சிரிக்க வேண்டாம். சிறிதாக எழுதினால் நான் எழுதியது எனக்கே தெரியவில்லை. ஒரு பக்கத்துக்குப் பத்து வரிதான் பிடிக்கிறது. தபால் செலவு உங்கள் தலையில்.

மகள் வீடு நான்காவது மாடி. மேலே மொட்டை மாடியில் குழாயைத் தாங்கியோடு நிறுத்தியிருக்கிறேன். பேரப்பிள்ளைகளின் காலுறைகளை அதன்மேல் காயப்போடுகிறார்கள். மாப்பிள்ளை முதல் நாள் அதைச் சுற்றிச் சுற்றி வந்து, "மாமா, இது தண்ணித் தொட்டிக்கா?" என்றார். நல்ல மனிதர். கணினிப் படிப்பு.

உங்கள் பக்கத்தைப் படித்தேன். முப்பத்தைந்து வருடம் அடுத்தவர் வாய்க்குள் சாய்த்த கண்ணாடியை விட்டுக் கடைவாய்ப் பல்லைப் பார்த்தவன் நான். என் தலை நோயாளியின் வாயில் விழும் வெளிச்சத்தை மறைக்கக் கூடாது என்பதுதான் எங்கள் கல்லூரியில் முதல் பாடம். ஆகவே நியூட்டன் எனக்குத் தொழில்முறைச் சொந்தம். அவர் கட்சிதான் நான். அவர் என்ன செய்தார் என்று உங்கள் புத்தகத்திலேயே இருக்கிறது. செம்பையும் வெள்ளீயத்தையும் தானே உருக்கினார், தானே வார்த்தார், தார்போன்ற கீலின்மேல் வைத்துத் தானே தேய்த்தார். கண்ணாடி இரண்டு விரல் அகலம். குழாய் ஒரு சாண்கூட இல்லை. வளைவும் நீங்கள் கேட்கிற வளைவு இல்லை, வெறும் கோளம். உலோகமோ சீக்கிரம் மங்கிப்போகிற உலோகம். ஆனால் மனிதர் அதில் வியாழனின் நிலாக்களைப் பார்த்தார். உங்கள் கிரிகரி? பிரமாதமாக வரைந்தார். எதைப் பார்த்தார்?

கண்ணில் ஊசி போடுகிறார்கள் அண்ணே. மாதம் ஒருமுறை. பல் வைத்தியனாக நான் எத்தனை பேருக்கு ஊசி காட்டி, "எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும்" என்று சொல்லியிருப்பேன்! இங்கேயும் அதே பொய்யைத்தான் சொல்கிறார்கள். கண் மருத்துவர் சின்னப் பெண். "நடுவுல போனாலும் ஓரம் இருக்கும் சார், தட்டுத் தடுமாறாம நடப்பீங்க" என்கிறாள். நடந்து நான் எங்கே போகப்போகிறேன்?

சன்னல் கம்பிகள் நடுவில் வளைந்து தெரிய ஆரம்பித்திருக்கின்றன. இதை அண்ணியிடம் சொல்ல வேண்டாம். அவர் உடனே தங்கையிடம் சொல்லிவிடுவார்.

முடித்துவிட்டு எடுத்து வாருங்கள்.

சின்னவன்


அக்டோபர் 8

அன்புள்ள டாக்டருக்கு,

கம்பி வளைவதைப் பற்றி யாரிடமும் சொல்லவில்லை. படித்தபின் கடிதத்தை அகராதிக்குள் வைத்துவிட்டேன்.

கிரிகரியை விட்டுக்கொடுக்க மாட்டேன். அவர் தலைநகருக்குப் போய்ப் பெயர்பெற்ற கண்ணாடிக்காரர்களைத் தேடிப்பிடித்தார். அவர் கேட்ட வளைவு அவர்கள் கைக்கு வரவில்லை. துணியில் வைத்து மெருகேற்றினார்கள், பிம்பம் தெளியவில்லை, அத்தோடு விட்டுவிட்டார். ஆனால் வரைந்தது தப்பில்லை. பின்னால் வந்தவர்கள் அதே வரைபடத்தை வைத்துக் கருவி செய்து விற்றார்கள். சரியாக யோசித்தவனுக்கு ஒரு மரியாதை உண்டு என்பது என் எண்ணம். பிடிவாதமாகச் சொல்லவில்லை. யோசித்துப் பாருங்கள் என்கிறேன்.

இனி நல்ல செய்தி. கண்ணாடியின் குறை இன்னதென்று பிடித்துவிட்டேன். விளக்கின் ஊசித்துளை ஒளியைக் கண்ணாடிமேல் விட்டு, திரும்பி வரும் ஒளியை பிளேடு நுனியால் வெட்டிப் பார்த்தால், பரப்பின் மேடு பள்ளமெல்லாம் நிலாவின் மலைகள்போல் நிழலோடு எழுந்து நிற்கின்றன அல்லவா? நடுவில் தெளிவாக ஒரு மேடு இருக்கிறது. முன்பு நாம் இருவரும் பார்த்தபோது இது இவ்வளவு திட்டமாகத் தெரியவில்லை. அப்போது நம் கவனம் சிதறியிருக்க வேண்டும். நடுவை மட்டும் கீல் படுக்கையில் மெருகேற்றும் செந்தூள் வைத்துத் தேய்த்து அந்த மேட்டை இறக்கி வருகிறேன்.

தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நீங்கள் இல்லாததில் ஒரு லாபமும் உண்டு. ஒரு நிமிடம்கூட வீணாவதில்லை. தேய்க்கிறேன், கழுவுகிறேன், துடைக்கிறேன், உடனே சோதனைச் சட்டத்தில் நிறுத்திச் சோதிக்கிறேன். முறையாகப் போகிறது. ஒவ்வொரு நாளும் மேடு கொஞ்சம் குறைகிறது. இப்படியே போனால் அடுத்த மாதத் தொடக்கத்தில் முடிந்துவிடும் என்று நினைக்கிறேன். நினைக்கிறேன் என்றுதான் சொல்கிறேன்.

மூத்தவன்


அக்டோபர் 19

அண்ணனுக்கு,

"முடிந்துவிடும்" என்ற சொல்லை உங்கள் கையெழுத்தில் பார்ப்பது இதுதான் முதல்முறை. சட்டம் போட்டு மாட்டலாம்.

பேப்பர் படிப்பதை நிறுத்திவிட்டேன். தலைப்பு தெரிகிறது. தலைப்பில் நான் பார்க்கிற எழுத்து மட்டும் தெரிவதில்லை. அதற்கு இந்தப் பக்கம் பார்த்தால் அது தெரிகிறது, இது தெரிவதில்லை. கண்ணாமூச்சி ஆடுகிறது. சனிக் கிரகம் சாயங்காலம் ஆனதும் கிழக்கே நல்ல உயரத்தில் நிற்கிறதாம், மாப்பிள்ளை போனில் பார்த்துச் சொன்னார். புள்ளியாக எனக்கும் தெரிந்தது. தெரிந்தது என்று நினைக்கிறேன். பார்த்தீர்களா, எனக்கும் உங்கள் வியாதி தொற்றிவிட்டது.

சின்னவன்


நவம்பர் 3

அன்புள்ள டாக்டருக்கு,

இதை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

போன வாரம் மாலைச் சோதனையில் மேடு முழுவதும் மறைந்தது. பரப்பு நாம் புத்தகத்தில் பார்த்த படத்தைப்போலவே இருந்தது. உங்கள் அண்ணியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "அழகா இருக்கு, இதுக்கா இத்தனை வருஷம்?" என்றாள். முடிந்தது என்று உங்களுக்குத் தந்தி கொடுக்கலாமா என்றுகூட யோசித்தேன். தந்தி என்று ஒன்று இப்போது இல்லை என்பது பிறகு நினைவுக்கு வந்தது.

மறுநாள் காலை, கண்ணாடியைப் பெட்டியில் வைப்பதற்கு முன் ஆசைக்கு இன்னொருமுறை பார்த்தேன். நடுவில் குழி. சிறிய குழி இல்லை. ஒரு கிண்ணம்போல. விளக்கை மாற்றினேன், பிளேடை மாற்றினேன், என் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தேன். குழி அப்படியே இருந்தது.

பொறுமையாக இருக்கலாம் என்று லேசாகக் கொஞ்சம் தேய்த்துவிட்டு மாலையில் பார்த்தேன். சரியாக இருந்தது. காலையில் குழி. மறுபடி மாலையில் சரி. கண்ணாடி இரவில் என்ன செய்கிறது? இதை எழுதும்போது எனக்கே வெட்கமாக இருக்கிறது. இயற்பியல் சொல்லிக்கொடுத்தவன் கேட்கிற கேள்வியா இது?

உங்களிடம் சொல்லாமல் இருக்கலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் நீங்கள் நாளை எண்ணிக்கொண்டு இருக்கிறீர்கள்.

மூத்தவன்


நவம்பர் 9

அத்தானுக்கு,

நமஸ்காரம். எழுதுவது நான். இவரால் இப்போது வரி நேராக வருவதில்லை. சொல்வதை அப்படியே எழுத வேண்டும், திருத்தக் கூடாது என்று உத்தரவு. ஆகவே இனி வருவதெல்லாம் இவர் வாய்.

அண்ணே! கையில தொட்டுப் பாத்தீங்களா கண்ணாடியை? தேய்ச்சு முடிச்ச உடனே? சுடும். லேசாத்தான் சுடும், ஆனா சுடும். பல்லு செட்டுக்கு மெழுகுல அச்சு எடுப்போம். சூட்டோட அளந்தா ஒரு அளவு, ஆறினா ஒரு அளவு. சூட்டோட அளந்து செட்டு பண்ணினா அது நோயாளி வாயில நிக்காது, பையில நிக்கும். உங்க கண்ணாடியும் அதான். தேய்க்கிற சூடும் உங்க உள்ளங்கைச் சூடும் சேர்ந்து நடுவுல உப்பிக்கிட்டு நிக்குது. நீங்க அதை மேடுன்னு நெனச்சு தினம் தினம் சுரண்டியிருக்கீங்க. இல்லாத மேடு! ராத்திரி ஆறினதும் நீங்க தோண்டின குழி தெரியுது.

முன்னாடி ஏன் இப்படி ஆகலைன்னு யோசிங்க. தேய்ச்சு முடிச்சதும் நான் என்ன பண்ணுவேன்? நாற்காலியை இழுத்துப் போட்டுக்கிட்டு நியூட்டன்தான் பெரியவர்னு ஆரம்பிப்பேன். நீங்க கிரிகரின்னு எந்திரிப்பீங்க. டீ வரும், ஆறும், மறுபடி சூடு பண்ணி வரும். அண்ணி வந்து, "ரெண்டு பேரும் வாயை மூடுறீங்களா, இல்ல வெளக்கை அணைக்கட்டுமா"ன்னு கேட்டப்புறம்தான் சோதனை. அதுக்குள்ள கண்ணாடி ஜில்லுனு ஆயிடும். நம்ம சண்டைதான் அண்ணே அதை ஆற வெச்சது! அது யாருக்குத் தெரிஞ்சுது? இப்ப நீங்க தனியா, ஒரு நிமிஷம் வீணாக்காம, முறையா...

(அத்தான், இந்த இடத்தில் இவர் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு "எவ்வளவு நாளாகும்னு கேளு" என்றார். கேட்டுவிட்டேன்.)


நவம்பர் 16

அன்புள்ள டாக்டருக்கு,

நீங்கள் சொன்னதுதான் காரணம். ஒரு நாள் முழுவதும் தொடாமல் வைத்துப் பார்த்து உறுதி செய்தேன். குழி ஆழமானது. சுற்றிலும் உள்ள பரப்பையெல்லாம் அதன் மட்டத்துக்கு இறக்க வேண்டும். பழையபடி கோளமாக்கி, அங்கிருந்து மெல்லப் பரவளையத்துக்குப் போக வேண்டும். டிசம்பர் நடுவில் முடியலாம். அதற்கு முன்னால் சொன்னால் பொய்.

இப்போது முறையை மாற்றிவிட்டேன். தேய்த்துக் கழுவி, கண்ணாடியைச் சோதனைச் சட்டத்தில் நிறுத்திவிட்டு, உங்கள் நாற்காலியில் உட்கார்ந்து உங்களுக்குக் கடிதம் எழுதுகிறேன். இந்தக் கடிதம் அப்படித்தான் எழுதப்படுகிறது. கண்ணாடி ஆறுவதற்குள் முடிக்கக் கூடாது என்பதால் வளவளவென்று இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்தத் தொழிலில் எனக்கு முன்னால் தவறியவர்களை நினைத்துக்கொள்கிறேன். நியூட்டனுக்கும் ஹேட்லிக்கும் நடுவே ஏறத்தாழ அரை நூற்றாண்டு வெறுமையாகப் போனது. வரைபடம் இருந்தது, தேவை இருந்தது. வளைவைச் சோதிக்க வழி இல்லை. ஹேட்லி ஒளிப்புள்ளியின் பிம்பத்தைப் பார்த்துப் பரப்பின் குறையைக் கண்டுபிடித்தார். ஆறங்குல உலோகக் கண்ணாடியைச் சரியான வளைவுக்குக் கொண்டுவந்தார். அதன்பின் ஹெர்ஷல் வந்தார். மெருகேற்றும்போது பதினாறு மணிநேரம்கூடக் கையை எடுக்காமல் தேய்ப்பாராம். பக்கத்தில் உட்கார்ந்து தங்கை உணவை வாயில் ஊட்டுவாராம். இதை உங்கள் அண்ணியிடம் படித்துக் காட்டினேன். "அந்தத் தங்கச்சிக்குக் கல்யாணம் ஆச்சா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "தெரியும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

இன்னொன்றும் எழுதத் தொடங்கினேன். நம் கருவியில் சாய்ந்த சிறு கண்ணாடி பெரிய கண்ணாடியின் நடுவை மறைத்துக்கொண்டு நிற்கிறது. ஆனாலும் பிம்பத்தின் நடுவில் ஓட்டை விழுவதில்லை. ஏனென்றால் பெரிய கண்ணாடியின் ஒவ்வொரு துண்டும் முழுப் பிம்பத்தையும் தருகிறது. உங்கள் கண்ணின் நடுவைப் பற்றி ஆறுதலாக இதைச் சொல்லலாம் என்று நினைத்தேன். பிறகுதான் உறைத்தது: விழித்திரை அப்படி இல்லை. அதில் நடு போனால் நடுதான் போகிறது. ஆகவே இதை ஆறுதலாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எழுதியதை அடிக்காமல் விட்டிருப்பது நான் முயன்றேன் என்பதற்காக மட்டும்.

ஆறிவிட்டது. போய்ப் பார்க்கிறேன்.

மூத்தவன்


டிசம்பர் 12

அத்தானுக்கு,

இவர் சொல்கிறார், நான் எழுதுகிறேன்.

ஓரம் மட்டும் சரிஞ்சிருக்குன்னு எழுதியிருக்கீங்க. மத்ததெல்லாம் சரியாமே! ஓரம் சரிஞ்சா என்னண்ணே, கறுப்புக் காகிதத்துல வளையம் வெட்டி ஓரத்தை மூடுங்க. அரை விரல் அகலம் போகும். போகட்டும். கெட்ட இடத்தை மூடிட்டு மீதியில பாக்கிற வசதி கண்ணாடிக்காவது இருக்கே.

பளபளப்புக்கு அலுமினியம் பூசுற இடத்துல மூணு மாசம் ஆகும்னு சொன்னாங்களா? விடுங்க அவங்களை. உங்க புத்தகத்துல வர்ற ஃபூக்கோ காலத்துல அலுமினியமா பூசினாங்க? உலோகத்தைத் தூக்கிப் போட்டுட்டுக் கண்ணாடியில வெள்ளி ஏத்தினாங்க. வெள்ளி நைட்ரேட்டைப் பல்லுல தடவியே வாழ்ந்தவன் நான். இங்க கொண்டு வாங்க, பண்ணிடலாம். சீக்கிரம் மங்கிடும்னுதானே சொல்லுவீங்க? மங்கட்டும். எனக்கு ஒரு சாயங்காலம் போதும்.

ரயில்ல கீழ்ப் படுக்கை கேட்டு வாங்குங்க. கண்ணாடியைப் பெட்டியில விடாதீங்க, மடியில வெச்சுக்கங்க.

(அத்தான், கண்ணைப் பற்றி எதுவும் எழுதக் கூடாது என்கிறார். எழுதவில்லை. சீக்கிரம் வாருங்கள். அக்காவையும் அழைத்து வாருங்கள்.)


ஜனவரி 6

அன்புள்ள டாக்டருக்கு,

நல்லபடியாக ஊர் திரும்பிவிட்டோம். என் விரல்களில் வெள்ளிக் கறை இன்னும் போகவில்லை. உங்கள் மகளின் சமையலறைத் தொட்டி பழைய நிறத்துக்கு வந்ததா? அந்த அரைமணி நேரம் நீங்கள் கண்ணை மூடிக்கொண்டே, "இப்ப சர்க்கரைத் தண்ணியை ஊத்து, ஆட்டு, நிறுத்தாத" என்று சொல்லச் சொல்ல, கொழுந்தி ஊற்ற, நான் ஆட்ட, பழுப்புத் தண்ணீருக்குள்ளிருந்து திடீரென்று என் முகம் என்னைப் பார்த்தது. அதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

இப்போது எழுத வேண்டியதை எழுதுகிறேன். அன்று மாலை மாடியில் சனியைப் பார்வைப் புலத்தின் நடுவில் கொண்டுவந்துவிட்டு, நீங்கள் உட்கார முக்காலி எடுத்துவரக் கீழே போனேன். நான் மெதுவாகத்தான் படியேறுவேன் என்பது தெரிந்ததே. வந்து உங்களை உட்காரவைத்தேன். நீங்கள் குனிந்து பார்த்து, "அடேயப்பா! வளையம் எவ்வளவு சுத்தமா தனியா நிக்குது அண்ணே! தட்டுல வெச்ச மாதிரி!" என்றீர்கள். நிறைய நேரம் பார்த்தீர்கள். என் கையைப் பிடித்துக்கொண்டீர்கள்.

உங்களுக்குப் பிறகு நான் குனிந்தேன். கண்வில்லையில் எதுவும் இல்லை. வானம் நகர்ந்து, சனி எப்போதோ புலத்தைவிட்டுப் போயிருந்தது. நீங்கள் உட்காருவதற்கு முன்பே போயிருக்க வேண்டும். நான், "ஆமா டாக்டர், ரொம்ப நல்லா இருக்கு" என்றேன். நாம் இருவரும் வெறும் கருப்பைப் பாராட்டிவிட்டுக் கீழே இறங்கிச் சாப்பிட்டோம்.

ரயிலில் யோசித்துக்கொண்டே வந்தேன். செப்டம்பரில் இருந்த கண்ணாடி, நியூட்டன் வைத்திருந்ததைவிட எத்தனையோ மேல். அதை அப்படியே கொண்டுவந்திருந்தால் வளையத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். எப்படி மாற்றி யோசித்தாலும் விடை மாறவில்லை.

ஆனால் ஒன்று கேட்கிறேன். மங்கலான பொருள்களை வானியல்காரர்கள் நேராகப் பார்ப்பதில்லை. விழித்திரையின் நடு, நுணுக்கத்துக்கும் நிறத்துக்கும் ஆனது. அரையிருட்டில் அது ஏறத்தாழக் குருடு. மங்கிய ஒளியை வாங்குவது சுற்றியுள்ள ஓரம். அதனால் பார்க்க வேண்டியதைவிட்டுச் சற்றுத் தள்ளிப் பார்ப்பார்கள். இது பழகுவது கடினம். நடு எப்போதும் குறுக்கே வந்து கெடுக்கும். இதை வகுப்பில் எத்தனை ஆண்டு சொல்லிக்கொடுத்திருக்கிறேன்! உங்கள் மாடியில் நின்றபோது நினைவுக்கு வரவில்லை. சனியைத் தவிர வேறெதையும் நான் யோசிக்கவில்லை.

ஓரையன் விண்மீன் கூட்டம் இப்போது மாலையிலேயே கிழக்கில் ஏறிவிடுகிறது. வரிசையாக மூன்று விண்மீன்கள் இருக்கும். அவற்றிலிருந்து சிறிய விண்மீன்கள் சில கோடாக இறங்கும். அந்தக் கோட்டின் நடுவில் குழாயை நிறுத்தச் சொல்லுங்கள், கொழுந்தியால் முடியும். இடக்கண்ணால், இடக்காதுப் பக்கமாகப் பாருங்கள். அங்கே ஒளிரும் வாயு மேகம் ஒன்று இருக்கிறது. அதற்கு வளைவின் கடைசி நுணுக்கம் அவ்வளவாகத் தேவையில்லை. கண்ணாடியின் அகலம்தான் தேவை. அது முதல் நாளிலிருந்தே இருந்தது.

என் யோசனை தவறாகவும் இருக்கலாம். உங்கள் கண் மருத்துவரைக் கேட்காமல் எழுதுகிறேன்.

மூத்தவன்


ஜனவரி 21

அத்தானுக்கு,

முதலில் நான். உங்கள் கடிதத்தைப் படித்துக் காட்டியபோது இவர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். இரண்டு நாள் கழித்து அவராகவே, "அந்த மூணு நட்சத்திரம் உனக்குத் தெரியுமா?" என்றார். இனி அவர் சொல்வது.

ஆமாண்ணே, பொய்தான் சொன்னேன். நடுவுல ஒரு சாம்பல் திட்டு, அவ்வளவுதான் தெரிஞ்சுது. கண்ணாடியைக் கைக்குழந்தை மாதிரி மடியில வெச்சுக்கிட்டு ராத்திரி பூரா உக்காந்து வந்த மனுஷன்கிட்ட என்னத்தைச் சொல்றது? நீங்களும் நல்லா இருக்குன்னீங்க. சரி, அண்ணனாவது பாத்தாரேன்னு நிம்மதியாச் சாப்பிட்டேன். கடைசியில நீங்களும் பாக்கலை!

செப்டம்பர்ல வந்திருந்தா பாத்திருப்பேன். அது உண்மை. கோவம் இல்லைன்னு சொன்னா அது இன்னொரு பொய். அது ஒரு பக்கம் இருக்கட்டும், நீங்க அதைத் தேய்க்க வேண்டாம்.

மொத நாள் ஓரையன்ல ஒண்ணும் தெரியலை. இத்தனை வருஷப் பழக்கம், குனிஞ்சா நேராத்தான் பாக்கத் தோணுது. ரெண்டாவது நாளும் இல்லை. சரிதான், இந்த வாத்தியார் பேச்சைக் கேட்டா இப்படித்தான்னு இவகிட்டச் சொல்ல வாயைத் திறந்து லேசா இந்தப் பக்கம் கண்ணைத் திருப்பினேன். ஓரத்துல ஒண்ணு நின்னுச்சு. பெரிசா. திரும்பி அதைப் பாத்தேன், போயிடுச்சு. விட்டேன், வந்துச்சு. புகை மாதிரி, ஆனா புகை நகரும், இது நகரலை. ரெண்டு கையை விரிச்சுக்கிட்டு நிக்கிற மாதிரி. நான் பேசலை. பேசினா போயிடுமோன்னு.

(நான் பார்த்தேன், அத்தான். நடுவில் நாலு குட்டிப் புள்ளிகள், சுற்றிக் கொஞ்சம் அழுக்கு. இவ்வளவுதானா என்றேன். "அவ்வளவுதான்னா அறைஞ்சுடுவேன், ரெண்டு கை இருக்கு பாரு" என்றார். "எந்தக் கை? உங்க கண்ணுதான் இப்படின்னா..." என்று நானும் விடவில்லை. "நேராப் பாக்காதடி, காதுப் பக்கம் பாரு, அதைப் பாக்கிறதையே மறந்துடு" என்று என் தலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். எனக்குக் கழுத்து வலித்ததுதான் மிச்சம். மூன்றாம் நாள் தெரிந்தது. ஒரு கை மட்டும்.)

இப்ப தினம் மாடிக்கு ஆள் வருது. ரெண்டாவது மாடி வக்கீல், அவர் சம்சாரம், வாட்ச்மேன். எல்லாரும் நேராப் பாத்துட்டு, சின்னதா இருக்கேங்கிறாங்க. நான் முக்காலி பக்கத்துல நின்னுக்கிட்டு ஒவ்வொருத்தருக்கும் தாடையைப் பிடிச்சுத் திருப்பி விடுறேன். "கொஞ்சம் இந்தப் பக்கம். இன்னும் தள்ளி. பயப்படாதீங்க, வலிக்காது." வக்கீல் அரை மணி நேரமா முயற்சி பண்ணி, "டாக்டர், எனக்கு வரமாட்டேங்குது, உங்களுக்கு எப்படி டக்குன்னு தெரியுது?"ன்னு கேட்டாரு. என்ன சொல்றது? அனுபவம்னேன்.

எல்லாரும் போனப்புறம் நான் உக்காருவேன். இவளுக்கு ஒரு கை தெரியுற எடத்துல எனக்கு ரெண்டு கையும் தெரியுது, அதுக்கு வெளியில இன்னும் எதோ மங்கலா விரிஞ்சு போகுது. எங்க முடியுதுன்னு தெரியலை. கலரு இல்லை, கூர்மை இல்லை, வளையம் கிளையம் ஒண்ணும் இல்லை. ஆனா அது இருக்கு.

நாளையில இருந்து ரெண்டு மூணு நாளைக்கு மேகமா இருக்கும்னு மாப்பிள்ளை சொல்றாரு. இருந்துட்டுப் போகட்டும். அது எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும்.

(இவ்வளவுதான் என்று எழுந்து மாடிக்குப் போய்விட்டார், அத்தான். கைப்பிடியைக்கூடப் பிடிக்கவில்லை.)